குட்டிக்குப் பால் போதுமா?

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. கேட்டவனே பெறுவான் என்ற பொருளில் அதனை இன்று அலுவலகங்களிலும் அரசியல் மேடைகளிலும் எடுத்தாளுகின்றோம். ஆனால் அந்தப் பழமொழி பிறந்த இடம் தொட்டிலடியும் தொழுவமும் அல்லவா? அங்கே அது முழு உண்மையன்று. பசித்த குட்டி முதலில் அழும். பசி முற்றிய குட்டி அழாது. குரலெழுப்ப வலுவின்றிச் சுருண்டு கிடக்கும். வயிறு நிறைந்த குட்டியும் அழாது. அதுவும் சுருண்டுதான் கிடக்கும். கொட்டிலின் மூலையிலே கண்மூடிக் கிடக்கும் குட்டி உண்ட மயக்கத்தில் உறங்குகின்றதா, உயிர் மங்கிக் கிடக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? தலையீற்று ஆடு நிற்கும் வீடுகளில் முதற்கிழமை முழுவதும் உறக்கத்தைக் கெடுக்கும் வினா இதுவே.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இது சிறிய வினாவன்று. தெல்லிப்பழை செம்மண் பூமி. சுண்ணாம்புக் கல்லின்மேல் படிந்த அந்த மண்ணிலே, கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த மக்கள் ஆட்டெருவின் அருமையை நன்கறிந்தவர்கள். வேலியில் நின்ற கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் குழை ஆட்டுக்கு உணவு. ஆட்டின் புழுக்கை தோட்டத்துக்கு எரு. பால் வீட்டாரின் தேநீருக்கு. கிடாய்க்குட்டி விற்ற காசு பிள்ளைகளின் கொப்பிக்கும் புத்தகத்துக்கும். ஒரு குடும்பத்தின் வரவுசெலவிற் பாதி ஒரு கயிற்றின் நுனியிலே கட்டப்பட்டு நின்றது என்றால் அது மிகையாகாது. ஆட்டை ஏழையின் பசு என்று சொன்னவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை.

பால் போதுமோ என்ற ஏக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு நம்மூர் வழக்கமொன்றே சான்று. பசு கன்று ஈன்றதும் விழும் இளங்கொடியைப் பையிலே கட்டி, பாலுள்ள மரமாகிய ஆலின் கிளையிலே தொங்கவிடுவர். அப்படிச் செய்தால் மடியிற் பால் பெருகும் என்பது நம்பிக்கை. ஆலம்பால் மடிக்கு வருமா என்று இன்றைய மாணவர் நகைக்கலாம். நகைக்குமுன் அந்தக் கொடியைக் கட்டிய கையின் நடுக்கத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். மடி வற்றினால் அந்த வீட்டுப் பிள்ளையின் கிண்ணமும் வற்றும்.

1990ஆம் ஆண்டு போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். கையிற் பிடித்துவந்தது பிள்ளைகளின் கையை மட்டுமே. அவிழ்த்துவிட்டு வந்த ஆடு மாடுகளை மீண்டும் கண்டவர் எங்கள் உறவிலே ஒருவருமில்லை. போர் முடிந்த 2009க்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையின் முறை பல ஆண்டுகள் தாமதித்தே வந்தது. என் சிறிய தாயாரின் மகள், எனக்குத் தங்கை முறையானவள், கணவனோடும் மகனோடும் அந்த ஒழுங்கைக்குத் திரும்பியபோது வளவிலே நின்றவை பற்றையும் இடிந்த சுவரும் கிணறும் மட்டுமே. கணவர் மேசன் தொழிலாளி. வேலை கிடைக்கும் நாளும் உண்டு. கிடைக்காத நாளும் உண்டு. சீட்டுப் பணத்தில் அவள் முதலில் வாங்கியது கதிரையோ மேசையோ அன்று. காது நீண்டு தொங்கும் ஜமுனாபாரிக் கலப்பிலான ஒரு சினை மறி.

ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில் அது ஈன்றது. ஒரே குட்டி, அதுவும் மறிக்குட்டி. தலையீற்றில் ஒரு குட்டி ஈனுவதே பெரும்பாலும் வழக்கம். மறிக்குட்டி என்றால் நாளைய தாயாடு என்று பொருள். வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் மறுநாட் காலையிலேயே தொலைபேசியில் தங்கையின் குரல் தழுதழுத்தது. "அண்ணை, ஆடு குட்டியை நக்குது; ஆனால் ஊட்ட விடுதில்லை. குட்டி மடிக்குக் கிட்டப் போனால் சுத்திச் சுத்தி ஓடுது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள்.

நான் சென்றபோது கொட்டிலைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே நின்றது. ஆளுக்கொரு தீர்ப்பு. தலையீற்று மறிக்குப் பிள்ளைப் பாசம் தெரியாது என்றார் ஒருவர். பால்மாவைக் கரைத்துச் சூப்பிப் போத்தலில் கொடுங்கள், இல்லாவிட்டால் இரவு தாங்காது என்றார் வேறொருவர். பால் இல்லாத இனம், விற்றுவிட்டு வேறு வாங்குங்கள் என்றார் மூன்றாமவர். தாயாடு கயிற்றின் எல்லைவரை ஒதுங்கி நின்று மிரண்டு விழித்தது. குட்டி சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. தங்கை பால்மாப் பேணி வாங்கப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அயல் வளவு ஆச்சி வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். இடம்பெயர்வதற்கு முன்னர் வீட்டிலே ஆடு நில்லாத நாளை அறியாதவர். தாயாட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே குட்டியிடம் குனிந்தார்.

"ஊட்டுதோ ஊட்டேல்லையோ எண்டு தாயை ஏன் பாக்கிறாய் பிள்ளை? குட்டியின்ரை வயித்தைப் பார்" என்றார்.

கால்நடை வைத்தியர் எவரைக் கேட்டாலும் இதனினும் சிறந்த விடையைச் சொல்லமாட்டார். ஆச்சி செய்தவற்றை வரிசையாகச் சொல்லுகின்றேன். ஆடு வளர்க்கும் இல்லத்தரசியர்க்கு உதவும். முதலில், குட்டியைத் தூக்கி நிறுத்தி, விலா எலும்புகளுக்குப் பின்னால் வயிற்றின் அடியிலே உள்ளங்கையை வைத்தார். பால் குடித்த குட்டியின் வயிறு நிறைந்து, மெல்ல அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும். பட்டினி கிடந்த வயிறு உட்குழிந்து, தோல் தொய்ந்திருக்கும். பறைபோல் விம்மி இறுகிய வயிறும் நல்லதன்று. அது நோயின் அடையாளமாகலாம். அடுத்து, சுத்தமான சுட்டுவிரலைக் குட்டியின் வாயினுள் வைத்தார். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலை இழுத்துச் சூப்பினால் அஞ்சவேண்டியதில்லை. வாய் குளிர்ந்து, சூப்பும் உணர்வின்றிக் கிடந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. மூன்றாவதாக, குட்டியைக் கீழே விட்டு அது எழுந்து நிற்கும் முறையைக் கவனித்தார். நலமான குட்டி எழுந்தவுடன் முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும். நலங்கெட்ட குட்டி கூனிக் குறுகித் தலையைத் தொங்கவிட்டு நிற்கும்.

எங்கள் குட்டி சோம்பல் முறித்தது. வயிறும் வெறுமையாக இல்லை.

பின்னரே ஆச்சி தாயாட்டிடம் சென்றார். கூடி நின்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அதன் தாடையைச் சொறிந்து, மடியைத் தடவினார். இடப்பக்க மடி இளகியிருந்தது. வலப்பக்கம் கனத்து இறுகியிருந்தது. வலக் காம்பின் நுனியை மெல்லப் பீச்சியபோது, முதலில் மெழுகு போன்ற சிறு அடைப்பு வெளிவந்தது; அதன் பின்னரே மஞ்சள் நிறக் கடும்புப்பால் தடித்து இறங்கியது. விடயம் விளங்கிவிட்டது. குட்டி இடப்பக்கத்தில் ஊட்டியிருக்கின்றது. எவரும் காணாத வேளையில் ஊட்டியிருக்கின்றது. வலக் காம்பு அடைத்திருந்தமையால் அந்தப் பக்கத்துப் பால் குட்டிக்கு எட்டவில்லை. பால் கட்டிய நோவினாலே தாயும் குட்டியைத் தட்டிக்கழித்திருக்கின்றது. பாசமில்லாமையன்று, நோவு.

"தலையீத்து எல்லே? அதுக்கும் புதுசு, இதுக்கும் புதுசு" என்று ஆச்சி சிரித்தார்.

தாய்மை என்பது தாயாகும் ஒவ்வோர் உயிருக்கும் தானே வந்துவிடும் என்று நாம் எண்ணுகின்றோம். வருவது உண்மை, ஆனால் வரும் வழி மெல்லியது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் குளொப்பர் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஆடுகளை வைத்து நடத்திய சோதனை அறிவுலகில் பெயர்பெற்றது. ஈன்றவுடன் ஐந்தே நிமிடங்கள் குட்டியோடு இருக்கவிடப்பட்ட தாய், பின்னர் சில மணிநேரம் பிரித்து வைக்கப்பட்டாலும், குட்டி திரும்பியபோது அதனை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிடங்களும் கிடையாத தாய்களோ தாம் ஈன்ற குட்டியையே பெரும்பாலும் முட்டித் தள்ளின. ஈன்ற பொழுதில் குட்டியின் ஈரத்தை நக்கி அதன் மணத்தை மனத்திற் பதிப்பதே ஆட்டுத் தாய்மையின் கால்கோள். குட்டி ஊட்டும்போது தாய் திரும்பி அதன் வாற்புறத்தை மோந்து பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இது என் குட்டிதானா என்று கேட்கும் கேள்வி அது. ஆபுத்திரன் என்னும் கைவிடப்பட்ட குழவிக்குப் பசுவொன்று ஏழு நாள் பால் சுரந்து காத்ததாக மணிமேகலை கூறும். அந்தக் காவியப் பசுவின் கருணையை ஆட்டிடம் எதிர்பார்க்க இயலாது. ஆடு தன் குட்டியல்லாத குட்டியை எளிதில் அண்டவிடாது. ஆகவே, குட்டி ஈன்ற வேளையில் நாம் செய்யக்கூடிய பேருதவி, குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து, தாயின் முகத்தருகே விட்டுவிட்டு, விலகி நிற்பதேயாகும். எங்கள் மறி நக்கியிருந்தது. ஆகவே பிணைப்பு நேர்ந்துவிட்டது. மீதி, நோவும் பழக்கமின்மையும் மட்டுமே.

அப்படியானால், தாய் ஊட்டியதை ஏன் ஒருவரும் காணவில்லை? இதற்கும் ஆட்டின் இயல்பே காரணம். ஆட்டுக்குட்டி முதல் நாட்களில் தாயின் பின்னால் ஓடித் திரிவதில்லை. மறைவிடத்திலே அசையாமற் படுத்திருப்பதே அதன் பிறவிக்குணம். காட்டிலும் மலையிலும் வாழ்ந்த அதன் மூதாதையர் ஓநாய்க்கும் நரிக்கும் தப்பிய வழி அது. தாய் மேய்ந்துவிட்டு வந்து தாழ்ந்த குரலில் அழைக்கும். குட்டி எழுந்தோடி, மடியை முட்டி, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்துவிட்டு, மீண்டும் படுத்துவிடும். வால் ஆடுவது நல்ல அறிகுறி. மடியை முட்டுவதும் பாலில்லை என்ற முறைப்பாடன்று. பாலை இறக்கச் சொல்லும் வேண்டுகோள்.

தங்கையின் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஒரு வேலை கொடுத்தால் உருப்படியாகச் செய்வான் என்று எண்ணி, ஒரு பழைய கொப்பியை அவனிடம் கொடுத்தேன். அன்று சனிக்கிழமை. கொட்டிலின் ஓலைச் செத்தையில் இருந்த துவாரத்தின் வழியே காலை ஆறு மணிமுதல் மாலை ஆறு மணிவரை, தாயும் மகனும் மாறி மாறிப் பார்த்து நேரத்தைக் குறித்தார்கள். எட்டு முறை குட்டி மடியை அடைந்தது. ஒரு முறையேனும் அது ஒரு நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கவில்லை. விளக்கும் கையுமாகக் கொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் கண்டது, தங்களைக் கண்டு மிரண்ட ஆட்டை மட்டுமே.

ஆயினும், கண்ணாற் கண்டதும் முடிந்த முடிபன்று. காம்பை வாயில் வைத்த குட்டிகளெல்லாம் பால் குடித்த குட்டிகளல்ல. அதற்குத் தராசே சாட்சி. மறுநாட் காலை, மீன் வியாபாரி ஒருவரின் கைத்தராசை இரவல் வாங்கி, குட்டியை ஒரு துணிப்பையில் இட்டு நிறுத்தோம். 1 கிலோ 800 கிராம். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் 2 கிலோ 100 கிராம். நாளொன்றுக்கு 100 கிராம் அளவில் ஏறும் குட்டிக்குப் பால் போதும் என்று துணியலாம். இரண்டு நாள் தொடர்ந்து நிறை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, உடனே காரணத்தைத் தேடவேண்டும். குட்டியின் மலமும் சாட்சி சொல்லும். முதலிற் கருமையாகக் கழிவது, பால் உட்சென்ற பின்னர் மஞ்சளாகி, பசைபோல் இருக்கும்.

கடும்புப்பாலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தமிழகத்தார் இதனைச் சீம்பால் என்பர். மனிதக் குழந்தை நோயெதிர்ப்புச் சக்தியின் ஒரு பங்கைக் கருவிலேயே தாயிடமிருந்து பெற்றுவிடுகின்றது. ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பேறில்லை. அதன் சூல்வித்தகம் அச்சக்தியைக் கடத்துவதில்லை. வெறுங்கையோடு பிறக்கும் அந்தக் குட்டிக்குத் தாய் தரும் சீதனம் கடும்புப்பாலே. அதனை உள்வாங்கும் வாயில் குட்டியின் குடலிலே முதல் சில மணிநேரம் அகலத் திறந்திருக்கும்; பின்னர் சிறுகச் சிறுக ஒடுங்கி, 24 மணிநேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். முதல் நாளில் நிறையின் பத்திலொரு பங்கு, அதாவது 2 கிலோ நிறையுள்ள குட்டியானால் 200 மில்லிலீற்றர் அளவு, உட்செல்லவேண்டும். அதிற் பாதியேனும் முதல் ஆறு மணிநேரத்துள் சென்றால் நன்று. ஆகவே, ஈன்ற உடனே இரு காம்புகளையும் ஒருமுறை பீச்சி, அடைப்பு நீங்கிப் பால் வருகின்றதா என்று பார்த்துவிடுவது தலையீற்று ஆட்டுக்குக் கட்டாயம் செய்யவேண்டிய காரியம். கடும்பைக் கறந்து வீட்டார் காய்ச்சி உண்ணும் ஆசை சிலரிடம் உண்டு. குட்டியின் பங்கு முடிந்த பின்னர் எஞ்சியதே நமக்குரியது.

இனி, பால்மாப் பேணியின் கதைக்கு வருவோம். எண்ணிய பணத்தைத் தங்கை மீண்டும் முடிச்சிட்டு வைத்துக்கொண்டாள். ஆச்சி சொன்னபடி, நாளுக்கு நான்கு வேளை ஆட்டைத் தூணோடு அணைத்துப் பிடித்து, குட்டியை வலக் காம்பிலே விட்டாள். முதல் நாள் ஆடு உதைத்தது. இரண்டாம் நாள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. மூன்றாம் நாள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பிக் குட்டியின் வாலை மோந்தது. அன்று மாலை தங்கை என்னிடம் சொன்ன செய்தி ஆட்டைப் பற்றியதன்று.

"அண்ணை, இவன் பிறந்தபோதும் இப்பிடித்தான் எல்லாரும் சுத்தி நிண்டவை" என்றாள்.

மகன் பிறந்தபோது அவள் மல்லாகத்தை அடுத்த நலன்புரி நிலையமொன்றில் இருந்தாள். தகரக் கூரை, பொதுக் கிணறு, சேலையால் மறைத்த ஓர் அறை. முதற்பிள்ளை. பிள்ளை அழுதபோதெல்லாம் அயலவர் எட்டிப் பார்த்துப் பால் போதவில்லை என்றனர். அவ்வாறு சொன்னவர் எவரும் தீயவரல்லர். யாவரும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களே. ஆனால் பிள்ளையின் நிறையை எவரும் கேட்கவில்லை. நாளுக்கு எத்தனை துணி நனைகின்றது என்றும் கேட்கவில்லை. பால்மா வந்தது. போத்தலில் வயிறு நிறைந்த பிள்ளை தாயிடம் குறைவாகக் குடித்தது. குறைவாகக் குடிக்கக் குடிக்கப் பாலும் குறைந்தது. முடிவில், அயலவர் சொன்னது உண்மையாகிவிட்டது, சொன்னதனாலேயே உண்மையாயிற்று. கணவரின் கூலியிற் பெரும்பங்கு பேணிக்குப் போயிற்று.

மடியின் கணக்கு இதுதான். ஆட்டுக்கும் மனிதருக்கும் ஒன்றே. எடுக்க எடுக்க ஊறும், தேங்கினால் வற்றும். மணற்கேணியைத் தோண்டியவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். தாயின் பால் போதுமா என்று ஐயுற்று வேறு பாலைக் கொடுக்கத் தொடங்கும்போது, அந்த ஐயமே பாலைக் குறைத்துவிடுகின்றது. 1939ஆம் ஆண்டிலேயே, சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பேணிப்பாலைப் புகுத்துவது குழந்தைகளைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்று சிங்கப்பூரிலே கூட்டமொன்றில் துணிந்து பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை உலக சுகாதார மன்றம் ஏற்றுக்கொண்டது 1981இலேதான். முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனம் கூறும் அறிவுரை. பிள்ளைக்குப் பால் போதுமா என்பதற்கு அயலவரின் கண் அளவுகோலன்று. நிறை குறிக்கும் அட்டையும், நாளுக்கு ஆறு முறையேனும் நனையும் துணியுமே அளவுகோல்.

இதனால், உதவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணலாகாது. உண்மையாகவே பால் போதாத தாய்மாரும் உளர், தாயாடுகளும் உள. மடி சூடேறிச் சிவந்து, பாலிலே திரளும் இரத்தமும் கண்டால் அது மடியழற்சி. கால்நடை வைத்தியரிடம் அன்றே காட்டவேண்டும். காம்பு பருத்துக் குட்டியின் வாய்க்கு அடங்காவிட்டால், சிறிது பீச்சிவிட்டு ஊட்டவேண்டும். குட்டியின் வயிறு குழிந்திருந்தால், தாயின் பாலையே கறந்து கொடுப்பது முதற்கடன்; இல்லாவிட்டால் வேறோர் ஆட்டின் பால். குளிர்ந்து விறைத்த குட்டிக்கு உடனே பாலைப் புகட்டலாகாது. துணியாற் சுற்றி, அணைத்து, உடல் வெப்பம் திரும்பிய பின்னரே புகட்டவேண்டும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். இயன்றவரை குட்டியைத் தாயோடு விட்டுவைத்து, தாயிடம் குடித்த பின்னர் குறைக்கு மட்டும் கொடுத்தால், குட்டியும் பிழைக்கும். தாயின் மடியும் பிழைக்கும்.

இன்னுமொன்று. குட்டிக்குப் பால் போதுமா என்று கேட்கும் நாம், தாய்க்குத் தீன் போதுமா என்று கேட்கின்றோமா? தங்கையின் வளவிலே ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேலி இல்லை. தலைமுறை தலைமுறையாக நின்ற கிளுவையும் பூவரசும் போய், சில பக்கங்களில் முட்கம்பி, சில பக்கங்களில் வெறுவெளி. கொக்கத்தடி இருந்தும் கொய்யக் கொப்பில்லை. ஈனுவதற்கு முந்திய ஆறு கிழமைகளே தாயின் மடி உருவாகும் காலம். அக்காலத்திற் பட்டினி கிடந்த ஆடு பின்னர் எங்கிருந்து பால் சுரக்கும்? மேலும், தலையீற்று ஆடு தானே இன்னும் முழு வளர்ச்சி அடையாதது. தின்பதில் ஒரு பங்கைத் தன் உடம்புக்கும் எடுத்துக்கொள்ளும். ஆகையால் அடுத்த ஈற்றுகளிலும் பார்க்க முதல் ஈற்றில் பால் குறைவாகவே இருக்கும். இதனை அறிந்து, தங்கை காலையிலும் மாலையிலும் தவிட்டோடு தேங்காய்ப் பிண்ணாக்கைக் கலந்து அளவோடு வைத்தாள். வாளியில் நல்ல தண்ணீர் எந்நேரமும் இருந்தது. பாலின் பெரும்பகுதி நீரே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அயலூர் உறவினர் வீட்டிலிருந்து குழைக்கட்டு சைக்கிளில் வந்தது. மழை ஈரம் காயுமுன்னர் கணவரும் மகனுமாக எல்லையோரத்தில் கிளுவைக் கதியாலும் சீமைக்கிளுவைத் தடியும் நாட்டினார்கள். வேலி எதற்கு என்று கேட்டவருக்கு, "ஆட்டுக்குப் பால் வேணும்" என்று மகன் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாம் கிழமையில் குட்டி குழையின் நுனியைக் கடித்துப் பார்த்தது. ஒரு மாதத்தில் வளவெல்லாம் துள்ளிக் குதித்தது. தை மாதம் பிறந்தபோது, நாட்டிய கதியால்களிலே தளிரும் கண்டது. குட்டிக்கு மிஞ்சிய பாலில் ஒரு சிறு பேணி அளவு வீட்டுக்கும் கிடைத்தது. கொப்பியில் எழுதிய நிறைகளைக் கொண்டு மகன் கோட்டுப்படம் ஒன்றும் வரைந்து வைத்திருக்கின்றான். கணித பாடத்தில் அவனுக்கு அதுவரை இருந்த வெறுப்பும் சற்றுத் தணிந்ததாகக் கேள்வி.

மகளோ மருமகளோ முதற்பிள்ளையோடு இருக்கும் வீடுகளுக்கும், தலையீற்று ஆடு கட்டி நிற்கும் வீடுகளுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. முதன்முறை தாயானவள் திறமையற்றவள் அல்லள், புதியவள். அவளுக்கு வேண்டியவை வயிறு நிறைந்த உணவு, நோவைத் தீர்க்கும் கை, தொல்லையில்லாத ஒரு மூலை, சில நாள் அவகாசம். போதுமா என்ற கேள்வியை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டு அவளைக் கலங்கச் செய்யாதீர்கள். குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தராசில் நிறுத்துப் பாருங்கள். குறை உண்மையில் இருந்தால் தயங்காது உதவுங்கள். இல்லையென்றால், விளக்கை அணைத்துவிட்டு, கொட்டிற் படலையைச் சாத்திவிட்டு உறங்கச் செல்லுங்கள். விடியும்வரை அங்கே நடக்கவேண்டியதைத் தாயும் குட்டியும் பார்த்துக்கொள்ளும்.